எலக்ட்ரிக் ஸ்மோக்கரில் சாசேஜ்: கொழுப்பு ஒழுகாமல் புகை போடுவது எப்படி

முதல் தடவை நான் புகை போட்ட சாசேஜை வெட்டியபோது உள்ளே மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. தோல் சுருங்கிப்போய் கிழவர் விரல்போல இருந்தது, ஸ்மோக்கரின் அடித்தட்டிலோ ஒரு டம்ளர் கொழுப்பு தேங்கிக் கிடந்தது. செய்த பெரிய தப்பு இதுதான்: பிரிஸ்கெட் என்கிற மாட்டு மார்புக்கறிக்கு வைக்கிற அதே 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போய் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். சாசேஜில் ருசி என்பது கொழுப்பு. அது உறையாகப் போடுகிற குடலுக்குள்ளேயே இருக்க வேண்டும், தட்டில் அல்ல. கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொரு படியும், இறைச்சியை ஃப்ரீசரில் வைப்பதிலிருந்து கடைசியில் ஐஸ் தண்ணீரில் போடுவது வரை, ஏதோ ஒரு வகையில் இந்தக் கொழுப்பைக் காப்பாற்றத்தான்.

நான் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து கொஞ்சம் தள்ளி. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் கையோடு கொண்டுவந்த தொழில் இது. பக்கத்தில் எல்ஜின் என்று ஒரு ஊர், அங்கே சவுத்சைடு மார்க்கெட் 1882ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அந்த ஊருக்கு 'டெக்சஸின் சாசேஜ் தலைநகரம்' என்று சட்டமன்றமே பட்டம் கொடுத்திருக்கிறது. நியூ பிரான்ஃபெல்ஸில் நவம்பர் வந்தால் சாசேஜுக்கென்றே ஒரு திருவிழா, அது 1961லிருந்து நடக்கிறது. அவர்கள் எல்லாம் செங்கல் குழியில் போஸ்ட் ஓக் விறகை எரித்துப் போடுகிறவர்கள். நம்மிடம் இருப்பது பின்கட்டில் நிற்கிற, சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு கரண்டுப் பெட்டி. அந்தக் குழியின் மணம் இதில் அப்படியே வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாசேஜுக்கு வேண்டியது குறைந்த சூடு, அதை மணிக்கணக்கில் அதிகம் ஆடாமல் வைத்திருப்பதில் இந்தப் பெட்டி விறகை விட நல்ல பிள்ளை.

சாமான்

ஸ்மோக்கர் தவிர மூன்று பொருளில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று, இரண்டு கம்பி உள்ள தெர்மாமீட்டர்: ஒரு கம்பி சாசேஜுக்குள், இன்னொன்று அதன் பக்கத்தில் காற்றில். பெட்டியின் கதவில் தெரிகிற எண்ணை நம்பாதீர்கள், என்னுடையது 20 டிகிரி வரை பொய் சொல்கிறது. வாங்கிய கையோடு கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 212 காட்ட வேண்டும், செல்சியஸில் 100. இரண்டு, கால் கிராம், அரைக் கிராம் வித்தியாசத்தையும் காட்டுகிற சின்னத் தராசு. நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று, விலை அதிகமில்லை. மூன்று, தனியான சாசேஜ் ஸ்டஃபர், அதாவது கைப்பிடியைச் சுற்றினால் மேலிருந்து அழுத்தித் தள்ளுகிற உருளை. இறைச்சி அரைக்கும் மெஷினிலேயே ஒரு குழாயை மாட்டி அடைக்கலாம், நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் அது இறைச்சியை இரண்டாம் முறை நசுக்கிச் சூடாக்கிவிடும், கொழுப்பு அங்கேயே குழம்பிப்போகும்.

விளையாடக் கூடாத இடம்: கியூரிங் உப்பு

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். புகை போடும்போது இறைச்சி பல மணி நேரம் இளஞ்சூட்டில் கிடக்கிறது, குடலுக்குள் காற்றும் இல்லை. போட்டுலிசம் என்கிற நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. அந்தப் பெயரே லத்தீனில் சாசேஜைக் குறிக்கும் போட்டுலஸ் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். 1820ஐ ஒட்டிய வருடங்களில் ஜெர்மனியில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், அவர் ஒரு கவிஞரும்கூட, சாசேஜ் தின்று கைகால் விழுந்து செத்தவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். விஷத்தைத் தானே கொஞ்சம் தின்றும் பார்த்திருக்கிறார் மனிதர்.

இதற்கு மருந்து சோடியம் நைட்ரைட். கடையில் 'கியூர் நம்பர் 1' என்றோ 'ப்ராக் பவுடர் 1' என்றோ கிடைக்கும், 6.25 சதவீதம் நைட்ரைட், மீதி சாதா உப்பு. ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது, கண் அளவு இங்கே செல்லாது. நம்பர் 2 என்று ஒன்று உண்டு, அது மாதக்கணக்கில் காயவைக்கிற வகைகளுக்கு, இதற்கு வேண்டாம்.

நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சாதா உப்பு என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பொடிக்கு இளஞ்சிவப்பு நிறம் சேர்க்கிறார்கள். நம் சமையலறையில் இந்துப்பும் அதே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் இடம் மாறினால் இரண்டு பக்கமும் ஆபத்து. நான் கியூரிங் உப்பை அடுப்படியிலேயே வைப்பதில்லை, பெயர் ஒட்டி கராஜில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இறைச்சியும் அளவும்

முதல் தடவைக்கு இரண்டரைக் கிலோ போதும். பன்றியின் தோள்பட்டை இறைச்சி, இங்கே பாஸ்டன் பட் என்று கேட்டால் கொடுப்பார்கள், 2 கிலோ. மாட்டின் கழுத்துப்பக்கத்துச் சக் இறைச்சி அரைக் கிலோ. மொத்தத்தில் கொழுப்பு கால் பங்குக்குக் குறையக் கூடாது, முப்பது சதவீதம் இருந்தால் இன்னும் நல்லது. உடம்புக்கு நல்லது என்று கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுச் செய்தால் ரப்பர் வரும். கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் கிரில்டு சிக்கன் சாப்பிடலாம், தப்பே இல்லை.

இதற்கு நான் போடுவது:

சாதா உப்பு 38 கிராம்
கியூர் நம்பர் 1, 6.25 கிராம்
ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 12 கிராம்
நசுக்கிய பூண்டு 20 கிராம்
மஞ்சள் கடுகு 8 கிராம்
இனிப்பு பாப்ரிகா 10 கிராம், காரத்துக்கு மிளகாய்த்தூள் 5 கிராம்
சர்க்கரை 8 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம்
ஐஸ் தண்ணீர் 200 மில்லி

பால் பவுடர் எதற்கு என்று கேட்பீர்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், புகையில் காயும்போது சாசேஜ் சுருங்குவது குறையும்.

கை தானாக இஞ்சி பூண்டு விழுதின் பக்கம் போகும், எனக்கும் போனது. பூண்டு சரி, பச்சை இஞ்சி வேண்டவே வேண்டாம். அதில் இறைச்சிப் புரதத்தை அறுக்கிற நொதி இருக்கிறது. மட்டன் சீக்கிரம் வேக நமக்கு உதவுகிற அதே சங்கதி இங்கே ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வேலை செய்து, கலவையைக் கூழாக்கிவிடும். தயிர், எலுமிச்சை, வினிகரும் அப்படித்தான், புளிப்பு ஏறினால் கலவை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உதிரும். சீரகம், பட்டை, கிராம்பு எல்லாம் போட்டும் பார்த்தாயிற்று. என் நாக்குக்கு அவை புகையோடு சண்டை போடுகின்றன. மிளகும் பூண்டும் போதும்.

பன்றியும் மாடும் சாப்பிடாதவர்கள் கோழித் தொடை இறைச்சியைத் தோலோடு அரைத்துச் செய்யலாம். உறைக்கு ஆட்டுக் குடல் கேட்டு வாங்குங்கள். கொலாஜன் உறை என்று விற்பது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து வருவது, அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அரைப்பதும் பிசைவதும்

இறைச்சியை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, ஓரம் விறைக்கும் வரை ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம். மெஷினின் திருகு, கத்தி, தட்டு எல்லாவற்றையும்கூட உள்ளே வையுங்கள். பன்றிக் கொழுப்பு 40 செல்சியஸை எட்டுவதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும், மெஷின் உரசுகிற சூட்டிலேயே பிசுபிசுக்கும். சரியாக அரைபட்டால் சிவப்பும் வெள்ளையும் தனித்தனி மணியாகத் தெரியும். இளஞ்சிவப்பில் ஒரே பசையாக வந்தால் நிறுத்துங்கள், மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள், அரை மணி கழித்துத் தொடரலாம். 6 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள தட்டு எனக்குப் பிடிக்கும், ஒரு தடவை அரைத்தால் போதும்.

கியூரிங் உப்பை ஐஸ் தண்ணீரில் கரைத்து ஊற்றினால்தான் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். பிறகு உப்பு, மசாலா, பால் பவுடர். அப்புறம் பிசைய வேண்டும், சப்பாத்தி மாவைவிட மும்முரமாக, ஆனால் சீக்கிரமாக. உப்பு இறைச்சியிலிருந்து மயோசின் என்ற புரதத்தை வெளியே இழுக்கிறது, அந்தப் பசைதான் பின்னால் வேகும்போது வலையாக இறுகி, கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். முதலில் நான் சொன்ன மரத்தூள் சாசேஜுக்கு அதிக சூடு பாதிக் காரணம், சரியாகப் பிசையாதது மீதிப் பாதி. ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதம் வந்துவிட்டது. கை மரத்துப்போகும், நல்லதுதான், இறைச்சி இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வடை தட்டி தோசைக்கல்லில் வேகவைத்துத் தின்று பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். உப்பு, காரம் மாற்ற இதுதான் கடைசி வாய்ப்பு.

குடலில் அடைப்பது

32லிருந்து 35 மில்லிமீட்டர் பன்றிக்குடல், உப்பில் போட்டு விற்பார்கள். இந்த அளவுக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே செலவாகும், கிழிசலுக்கும் சேர்த்து ஐந்து மீட்டர் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். ஒரு முனையைக் குழாயில் மாட்டித் தண்ணீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவுங்கள், ஓட்டை இருந்தால் பீச்சி அடித்து அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டஃபரில் கலவையை வைக்கும்போது அடித்து அடித்து வையுங்கள், காற்றுக்குழி நிற்கக் கூடாது. இறுக்கமாக அடைக்க வேண்டும், ஆனால் முறுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு. இந்தக் கணக்கைச் சொல்லித் தர முடியாது, இரண்டு குடல் வெடித்தால் கைக்கே புரியும். ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாகக் கிள்ளி, ஒன்றை முன்பக்கம், அடுத்ததைப் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள், ஒரே பக்கம் முறுக்கினால் எல்லாம் சேர்ந்து பிரிந்துவிடும். காற்றுக் குமிழ் தெரிகிற இடத்தில் ஊசியால் குத்துங்கள்.

அப்படியே தட்டில் வைத்து, மூடாமல், ராத்திரி ஃபிரிட்ஜில் கிடக்கட்டும். நைட்ரைட் உள்ளே ஊறவும் மேல்தோல் காயவும் அந்த நேரம் வேண்டும். சனிக்கிழமை காலையில் புகை போடுகிறவர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே இத்தனையும் முடித்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள்

நடுத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, மேலே மரக்கம்பு குறுக்கே வைத்து மாலையாகத் தொங்கவிடுங்கள். உப்புக்கண்டத்தைக் கோத்துக் கயிற்றில் தொங்கவிடுகிற மாதிரிதான். ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்ட இடம் வெளுத்தே இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், மற்ற சமையலுக்கு வைத்தாலும் இதற்கு வைக்காதீர்கள். மேலே உள்ள புகைப்போக்கித் துவாரத்தைக் கடைசி வரை முழுக்கத் திறந்தே வையுங்கள். புகையை உள்ளே அடைத்து வைத்தால் மணம் கூடும் என்று தோன்றும். கூடுவது தார் கசப்புதான்.

சூட்டின் கணக்கைப் பெட்டி காட்டுகிறபடி ஃபாரன்ஹீட்டில் சொல்கிறேன், செல்சியஸையும் சேர்த்து.

முதல் ஒரு மணி நேரம் 130, அதாவது 54 செல்சியஸ். புகையே கிடையாது, தோலை வெறுமனே காயவைப்பதுதான். தோலைத் தொட்டால் ஈரம் ஒட்டாமல் காகிதம் மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு அரை மணி. ஈரத்தோலில் புகை பட்டால் கறுப்புக் கோடுகளாக வழிந்து புளித்த கசப்பு நிற்கும். எத்தனையோ பேர் அவசரப்படுகிற இடம் இதுதான்.

அடுத்த மணி நேரம் 140, செல்சியஸில் 60, இப்போது புகையை விடுங்கள். அதற்கடுத்து 150, செல்சியஸில் 66. பிறகு ஒரு மணி நேரம் 160, செல்சியஸில் 71. மூன்று மணி நேரப் புகை போதும். அதற்குமேல் புகை வேண்டாம், 170, அதாவது 77 செல்சியஸில் வைத்து, சாசேஜின் உள்சூடு கீழே சொல்கிற அளவுக்கு வரும் வரை விடுங்கள். 180ஐ, செல்சியஸில் 82ஐ, காற்றில் தொங்குகிற கம்பி ஒருபோதும் தாண்டக் கூடாது. இந்தப் பெட்டிகள் கொடுத்த எண்ணில் அப்படியே நிற்காது, சூடு ஏறும்போது பத்து இருபது டிகிரி தாண்டிவிட்டுத்தான் கீழே வரும், அதனால் வேண்டியதற்குப் பத்து டிகிரி குறைவாகவே கொடுத்துப் பழகுங்கள். இப்படிப் படிப்படியாக ஏற்றினால் உள்ளே புரத வலை முதலில் இறுகும், இளகுகிற கொழுப்பு அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஒரேயடியாக ஏற்றினால் வலை இறுகுவதற்குள் ஓரத்துக் கொழுப்பு ஓடிவிடும்.

கரண்டுப் பெட்டியில் புகை வராத வியாதி

பெட்டியோடு வருகிற மரச்சில்லுத் தட்டு இந்த வேலைக்குப் பாதிதான் உதவும். காரணம் எளிது. சில்லு புகைய வேண்டுமென்றால் அடியில் இருக்கிற சூட்டுக்கம்பி எரிய வேண்டும். 140 டிகிரியில் பெட்டிக்கு அதிக சூடே தேவைப்படாததால் கம்பி எப்போதாவதுதான் எரியும், சில்லு சும்மா கிடக்கும். புகைக்காக சூட்டை ஏற்றினால் கொழுப்பு போய்விடும். சில்லை ஊறவைத்துப் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், தண்ணீர் ஆவியாகி முடியும் வரை புகை வராது, வருவது நீராவி.

இதற்கு வழி, பெல்லட் தட்டு. ஓட்டை போட்ட எஃகில், கோலத்துச் சிக்கு மாதிரி வளைந்து வளைந்து போகும் பாத்தி. அதில் பெல்லட்டை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளை, நிரப்பி, ஒரு முனையைக் கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, ஐந்து பத்து நிமிடம் எரியவிட்டு ஊதி அணைத்தால் கொசுவர்த்திச் சுருள் போல கணகணவென்று நகர்ந்துகொண்டே மணிக்கணக்கில் புகையும், கரண்டே வேண்டாம். சூட்டுக்கம்பிக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வையுங்கள். நடுவில் அணைந்தால் காற்று போதவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் சில்லு போடுவதற்கு இருக்கிற உருளையை ஓர் அங்குலம் வெளியே இழுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் பெல்லட் ஈரம் இழுத்திருக்கும், குறைந்த சூட்டு ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாகும்.

இங்கே கைவேலைப் பிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். வீட்டு வாசலில் கம்பத்தில் நிற்கிற தகரத் தபால்பெட்டி ஒன்றை வாங்கி, பெல்லட் தட்டை அதற்குள் வைத்து, ஒரு அலுமினியக் குழாயால் ஸ்மோக்கரோடு இணைத்துவிடுவார்கள். புகை அந்தக் குழாயில் வரும்போதே ஆறி, கனமான தாரைக் குழாயிலேயே விட்டுவிட்டு, சுத்தமாக உள்ளே வரும். பார்ப்பதற்குக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் நானும் செய்துவிட்டேன், தபால்காரர் ஒரு முறை நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

மரம் எது? பீக்கன், ஓக், ஆப்பிள், செர்ரி எல்லாம் சரி. ஹிக்கரி கொஞ்சம் முரடு. பைன் மாதிரி பிசின் உள்ள மரம் எதுவும் கூடாது. புகை மெல்லிசாக, நீலம் தட்டினாற்போல இருக்க வேண்டும், ரயில் எஞ்சின் மாதிரி வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் காற்றைக் கூட்டுங்கள்.

முள் நகராத நேரம்

உள்சூடு 140ஐத் தாண்டியதும் தெர்மாமீட்டர் உறைந்துபோன மாதிரி நிற்கும். சாசேஜிலிருந்து ஈரம் ஆவியாகும்போது அதுவே அதைக் குளிர்விக்கிறது, நமக்கு வியர்க்கிற மாதிரி. ஒரு மணி, இரண்டு மணிகூட ஆகலாம். இந்த நேரத்தில்தான் பொறுமை போய் 225க்குத் தட்டிவிடத் தோன்றும்.

நான் இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. மூன்று மணி நேரப் புகை முடிந்ததும் எடுத்து, 170 டிகிரியில் இருக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தில் மெதுவாக இறக்கிவிடுகிறேன். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாகக் கடத்தும், ஆவியாகவும் வழியில்லை, அரை மணிக்குள் முடிந்துவிடும். புகை கழுவிப் போய்விடாதா என்றால், போகாது, தோலில் ஏறினது ஏறினதுதான். நீர் கொதிக்க மட்டும் விடாதீர்கள். போலந்து, ஜெர்மன் வகைகள் பலவற்றில் இது பழைய முறைதான், ஏமாற்று வேலை ஒன்றுமில்லை.

உள்சூடு எவ்வளவு? அரைத்த பன்றி, மாட்டு இறைச்சிக்கு அமெரிக்க வேளாண்துறை சொல்வது 160, அதாவது 71 செல்சியஸ். கோழிக்கு 165, அதாவது 74. பழைய கைகள் 152லேயே எடுத்துவிடுவார்கள், சாறு கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்பது அவர்கள் வாதம். குழந்தைகள் சாப்பிடுகிற வீடு என்னுடையது, நான் 160க்குக் குறைவதில்லை. தடிமனான சாசேஜின் நடுவில், முனையிலிருந்து நீளவாக்கில் கம்பியைச் செருகிப் பாருங்கள், பக்கவாட்டில் குத்தினால் அந்த ஓட்டை வழியே சாறு போகும்.

எடுத்த பிறகு

எடுத்த உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள், உள்சூடு 110க்குக் கீழே, 43 செல்சியஸுக்குக் கீழே வரும் வரை. ஆறவிட்டால் தானாக ஆறாதா என்று விட்டால், உள்ளே வெந்துகொண்டே இருந்து சுருங்கும், தோலில் மறுபடியும் அந்தக் கிழவர் விரல்தான். பிறகு ஈரத்தைத் துடைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் சாதா அறையில் தொங்கவிடுங்கள். மங்கலாக இருந்த நிறம் கண்ணெதிரே தேக்கு மாதிரி அடர்ந்துகொண்டு வரும், இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

அன்றைக்கே வெட்டித் தின்னாதீர்கள், தின்றால் ஆஷ்ட்ரேயை நக்கின மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜில் மூடாமல் ஒரு ராத்திரி வைத்தால் புகை உள்ளே இறங்கிச் சாந்தமாகிவிடும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து வேகவில்லை என்று பயப்பட வேண்டாம், அது நைட்ரைட் தருகிற நிறம்.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மீதியைக் காற்றெடுத்த பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மூன்று மாதம் ருசி மாறாது. இங்கே கடைகளில் கசாப்புத்தாளில் வைத்து, வெள்ளை ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரியோடு கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் காசு காசாக வெட்டி, கல்லில் எண்ணெயே இல்லாமல் ஓரம் முறுகும் வரை புரட்டி, ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், இவ்வளவு பாடுபட்டு உள்ளே நிறுத்திய கொழுப்பு கடைசி இரண்டு நிமிடத்தில் கல்லில் ஓடிவிடக் கூடாது.